மேடையில் நின்ற குரல்கள்: ஜெர்மானிய ஆப்பராவும் தமிழ் இசை நாடகமும்

ஒரு சமூகம் தன் பாடகர்களை எவ்விதம் நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறது என்பதை நோக்கினால், அது சங்கீதத்துக்குத் தன் வாழ்வில் எத்தகைய ஸ்தானத்தை அளித்திருக்கிறது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். ஜெர்மானிய நாடுகளில் ஆப்பரா பாடகர் ஒருவருடைய சரித்திரத்தை எழுத முற்படுகிறவருக்கு, அவர் எந்த நகரத்து அரங்கில், எந்த ஆண்டில், எந்தப் பாத்திரத்தை முதன்முதலாக ஏற்றார், அன்று வாத்தியக் குழுவை நடத்தியவர் யார் என்னும் விவரங்கள் அந்தந்த அரங்கத்தின் பழைய ஏடுகளிலேயே வரிசையாகக் கிடைத்துவிடுகின்றன. தமிழ் நாடக மேடையில் விடிய விடியப் பாடி ஆயிரக்கணக்கான ஜனங்களை உருக்கியவர்களின் சரித்திரத்தை எழுத விரும்புகிறவரோ, பழுப்பேறிய நாடக நோட்டீஸ்களையும், கீறல் விழுந்த இசைத்தட்டுகளையும், உடன் நடித்தவர்கள் முதுமையில் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளையும் தேடித் தேடித் தொகுக்க வேண்டியிருக்கிறது. இவ்விரு மரபுகளின் குரல்களுக்குள் ஏற்றத்தாழ்வு கற்பிப்பதற்கு நியாயமில்லை. அக்குரல்களைத் தாங்கி நின்ற ஸ்தாபனங்களில்தான் வேற்றுமை இருந்தது என்பதும், அந்த வேற்றுமையே பாடகர்களின் வாழ்க்கைப் போக்கையும் கலையின் ஆயுளையும் நிர்ணயித்தது என்பதும் இக்கட்டுரையில் நான் நிறுவ விரும்பும் கருத்து.

இது எழுதப்படுகிற, சிங்கப்பூரின் புக்கிட் மேரா வட்டாரம் இவ்விஷயத்தைச் சிந்திப்பதற்குப் பொருத்தமான இடம். இதன் கடலோரத்தில் கெப்பல் துறைமுகம் இருக்கிறது. அதையொட்டி, 1932-இல் திறக்கப்பட்டு 2011 வரையில் மலாயா ரயில்களை வரவேற்றும் வழியனுப்பியும் நின்ற தஞ்சோங் பகார் நிலையம் இருக்கிறது. சற்று உள்ளே, அலெக்சாண்டிரா செங்கற்சூளைத் தொழிலாளரிடையே தோன்றி இப்போது டிப்போ சாலையில் விளங்கும் ஸ்ரீ ருத்ர காளியம்மன் ஆலயம் இருக்கிறது. கப்பலிலும் ரயிலிலும் வந்திறங்கிய உழைப்பாளிகளோடு வள்ளியும் கோவலனும் அரிச்சந்திரனும் பாட்டு வடிவில் இந்தக் கரையில் வந்திறங்கினார்கள். இதே வட்டாரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கிடையிலுள்ள திடல்களில், சீனர்களின் ஏழாம் மாதத்திலும் ஆலய விழாக்களிலும் மேடை கட்டி, வாயாங் என்று நாம் அழைக்கும் சீன இசைக்கூத்தை நடத்தும் வழக்கம் இன்னும் அற்றுப்போய்விடவில்லை. கதையைப் பாட்டாலேயே நடத்திச் செல்லும் நாடகம் ஐரோப்பாவின் தனிச்சொத்து என்று எண்ணுகிறவர் அத்திடல்களில் ஒரு மாலைப்பொழுது நின்றால் போதும்.

அரங்கம் வளர்த்த பாடகர்கள்

ஜெர்மனி 1871-இல் ஒரே பேரரசாக ஒன்றுபடுவதற்கு முன்பு பல சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்தது. அரசியலில் பலவீனமாகக் கருதப்பட்ட அந்தப் பிரிவினை சங்கீதத்துக்குப் பேருதவியாக முடிந்தது. ஏனெனில், அண்டை அரசனுக்குத் தான் குறைந்தவனல்லன் என்று காட்டிக்கொள்ள விரும்பிய ஒவ்வொரு மன்னனும் தன் தலைநகரில் ஓர் அரங்கத்தைக் கட்டி, பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டான். 1918-இல் முடியாட்சி வீழ்ந்தபோது அந்த அரங்குகள் மூடப்படவில்லை. மாநில அரசாங்கங்களும் நகர சபைகளும் அவற்றை ஏற்று நடத்தலாயின. இன்றும் பொதுப்பணத்தைக் கொண்டு இயங்கும் ஆப்பரா அரங்குகள் அந்நாட்டில் ஏறத்தாழ எண்பது இருக்கின்றன. இசைப்பள்ளியிலிருந்து வெளிவரும் இளம் பாடகர் ஒருவர் ஒரு சிறு நகரத்து அரங்கில் மாதச் சம்பளத்துக்கு அமர்ந்து, தம் குரலின் வகைக்கு ஏற்ற சிறு வேடங்களை முதலில் ஏற்று, நாளடைவில் பெரிய வேடங்களுக்கும் பெரிய நகரங்களுக்கும் உயர்வதே அங்கே வழக்கமான பாதை. இருபத்திரண்டு வயதில் ஏற்கத்தகாத பாரமான பாத்திரத்தை முப்பத்தைந்து வயது வரையில் ஒத்திப்போடுகிற பொறுமையை, மாதந்தோறும் தவறாமல் வரும் அந்தச் சம்பளமே அவருக்கு அளிக்கிறது.

இந்த ஏற்பாட்டின் பலனை இரண்டு பாடகிகளின் வாழ்வில் காணலாம். 1804-இல் ஹாம்பர்க் நகரில் பிறந்த வில்ஹெல்மீன் ஷ்ரோடர்-டெவ்ரியன்ட் அம்மையாரின் தந்தை பாடகர். தாயார் சோஃபி ஷ்ரோடர் ஜெர்மானிய மேடையில் பெரும் புகழ் பெற்ற நடிகை. 1822-இல், பதினேழு, பதினெட்டுப் பிராயத்திலேயே, வியன்னாவில் பேத்தோவனுடைய ‘ஃபிடேலியோ’ ஆப்பராவில், சிறைப்பட்ட கணவனை மீட்பதற்காக ஆண்வேடம் பூண்டு செல்லும் லியோனோராவாக நடித்துக் கீர்த்தியடைந்தார். பின்னர் டிரெஸ்டன் அரங்கில் அவர் பல்லாண்டுகள் பாடினார். வாக்னருடைய ‘ரியென்ஸி’, ‘பறக்கும் டச்சுக்காரன்’, ‘டான்ஹாய்சர்’ ஆகிய மூன்றும் 1842 முதல் 1845 வரையில் அங்கே முதன்முதலாக அரங்கேறியபோது அவற்றின் முக்கிய வேடங்களை ஏற்றவர் அவரே. குரலின் வனப்பைக் காட்டிலும், பாட்டும் நடிப்பும் ஒன்றாகிவிட்ட அவருடைய பாவத்தையே சமகாலத்தவர் வியந்தார்கள். இசை நாடகத்தைப் பற்றி வாக்னர் வகுத்துக்கொண்ட லட்சியத்துக்கு இந்த அம்மையாரே உயிருள்ள முன்மாதிரியாக விளங்கினார். 1849-இல் டிரெஸ்டனில் மூண்ட மக்கள் கிளர்ச்சிக்கு ஆதரவு காட்டி அரசாங்கத்தின் கோபத்துக்கும் அவர் ஆளானார்.

லொட்டே லேமான் 1888-இல் பெர்லபெர்க் என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1910-இல் ஹாம்பர்க் அரங்கில் மொசார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ நாடகத்தில் வரும் மூன்று சிறுவர்களுள் ஒருவராகச் சில அடிகள் மாத்திரமே பாடும் வேடத்தில் தொடங்கி, வியன்னா அரச அரங்கத்தின் தலைமைப் பாடகியாக உயர்ந்தார். ரிச்சர்ட் ஸ்டிராவுஸ் இயற்றிய ‘ரோஜா வீரன்’ என்னும் ஆப்பராவில் இளம்பெண் சோஃபி, வாலிபன் ஒக்டேவியன், யௌவனம் கழியத் தொடங்கும் சீமாட்டி ஆகிய மூன்று பெரும் வேடங்களையும் தம் வாழ்நாளின் வெவ்வேறு பருவங்களில் ஏற்ற பெருமை அவருக்கு உண்டு. 1938-இல் ஆஸ்திரியா நாஜிகள் வசமான காலத்தையொட்டி அமெரிக்காவில் குடியேறி, 1951-இல் மேடையிலிருந்து விடைபெற்று, கலிபோர்னியாவின் சான்டா பார்பராவில் ஒரு தலைமுறைப் பாடகர்களுக்குப் பாடம் சொல்லி, 1976-இல் காலமானார். சிறு வேடம், பெரு வேடம், ஓய்வு, ஆசிரியப் பணி என்று ஒழுங்காக விரிந்த இந்த வாழ்க்கையை, அதே காலத்துத் தமிழ்ப் பாடகர்களின் வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

சங்கரதாஸ் சுவாமிகளின் பாடசாலை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து புறப்பட்ட பார்சி நாடகக் கம்பெனிகள் வரைந்த திரைச்சீலைகளையும் ஹார்மோனியத்தையும் ஜோடனைக் காட்சிகளையும் ஊர் ஊராகக் கொண்டுசென்றன. அவற்றின் செல்வாக்கால் தெற்கே தமிழ் நாடக மேடை புதுக்கோலம் பூண்டது. கிழக்கே பினாங்கில் மலாய் மொழியின் பங்சாவான் நாடகம் பிறந்தது. ஆகவே, சிங்கப்பூர் மண்ணில் ஒருகாலத்தில் நடந்த மலாய், தமிழ் நாடகங்கள் ஒரே கிளையிலிருந்து பிரிந்த உறவினர்கள் என்று கொள்வது தவறாகாது.

அந்தப் புதிய மேடைக்கு உயிர் கொடுத்தவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். 1867-இல் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, உப்பளத்தில் கணக்கராகச் சில காலம் உத்தியோகம் பார்த்து, இருபத்து நான்காம் வயதில் நாடகத்துக்கு வந்த அவர், ‘வள்ளி திருமணம்’, ‘கோவலன் சரித்திரம்’, ‘பவளக்கொடி’, ‘சத்தியவான் சாவித்திரி’, ‘அபிமன்யு சுந்தரி’ முதலிய நாடகங்களை இயற்றி, 1922-இல் புதுச்சேரியில் மறைந்தார். விருத்தமும் கீர்த்தனையும் தர்க்கப் பாட்டும் வசனமும் ஒன்றோடொன்று பின்னிச் செல்லும் அந்நாடகங்களில், கதையின் திருப்பங்கள் அனைத்தும் பாட்டிலேயே நிகழ்கின்றன. 1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை முழுக்க முழுக்கச் சிறுவர்களைக் கொண்டது. அந்தச் சபையில் ஆறு வயதில் சேர்ந்த டி. கே. சண்முகம் தம் நாடக வாழ்க்கையைப் பிற்காலத்தில் விரிவாக எழுதிவைத்ததனால்தான், அக்காலத்துப் பாலர் கம்பெனியின் நடைமுறைகள் நமக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிகின்றன. கம்பெனியே வீடு, வாத்தியாரே தந்தை, பாடமும் பாட்டும் கூத்தும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்பட்டன. ஆண்பிள்ளைகளே ஸ்திரீபார்ட் ஏற்றுப் பாடினார்கள். குரல் உடைந்து மகரக்கட்டு வந்துவிட்டால், நேற்று வரையில் சீதையாகவும் சாவித்திரியாகவும் பாராட்டப்பட்ட பையன் நாளை என்ன செய்வது என்று தெரியாமல் திகைக்க நேரும். ஜெர்மானிய அரங்கம் தன் பாடகரை முதிர்ச்சி வரையில் காத்து வளர்த்தது. நம்முடைய பாலர் சபை குழந்தைக் குரலை மலரச் செய்தது, ஆனால் குரல் மாறிய பிறகு அந்தப் பையனைத் தாங்குவதற்கு அதனிடம் வகையில்லை.

பாலர் கம்பெனிக்கு வெளியே விளங்கியது ஸ்பெஷல் நாடகம். ராஜபார்ட் ஓரூர், ஸ்திரீபார்ட் ஓரூர், பபூன் ஓரூர், ஹார்மோனிய வித்துவான் வேறோர் ஊர் என்று தனித்தனியாக அமர்த்தப்பட்டவர்கள் ஒத்திகையின்றி அன்றிரவே மேடையில் சந்தித்து, சுவாமிகளின் பாடத்தை அனைவரும் அறிந்திருந்தார்கள் என்னும் ஒரே ஆதாரத்தின் மேல், இரவு பத்து மணி முதல் பொழுது விடியும் வரையில் நாடகத்தை நடத்திக்காட்டினார்கள். வாரக்கணக்கில் ஒத்திகை பார்க்கும் ஆப்பரா அரங்கத்தார் கேட்டால் நம்பமாட்டார்கள்; ஆயினும் மதுரை, புதுக்கோட்டை வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களில் இன்றும் அந்த அற்புதம் நிகழ்ந்துகொண்டிருக்கிறது.

ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில், திறந்தவெளிக் கொட்டகையின் கடைசிப் பலகை வரையில் குரல் எட்ட வேண்டும். இதே பிரச்சினையை ஐரோப்பியப் பாடகர்கள் தொண்டையையும் வாயறையையும் அமைத்துக்கொள்ளும் பயிற்சியால் தீர்த்தார்கள். அவர்களுடைய குரலில் வினாடிக்கு மூவாயிரம் அதிர்வுகளை ஒட்டிய பகுதியில் நாதம் செறிந்து நிற்பதனால், நூறு வாத்தியங்களுக்கு நடுவிலும் ஒற்றைக் குரல் தனித்துக் கேட்கிறது என்பதை இக்கால ஆராய்ச்சியாளர் விளக்கியிருக்கிறார்கள். நம்மவர்கள் சுருதியை உயர்த்தி அந்தக் காரியத்தைச் சாதித்தார்கள். இன்றைய பாடகியர் வழக்கமாகக் கொள்ளும் சுருதியாகிய நாலரை, ஐந்து கட்டையில், ஆண்கள் மேல் ஸ்தாயியில் நின்று இரவு முழுதும் பாடினார்கள். ஒரு பாட்டு பிடித்துவிட்டால் ‘ஒன்ஸ்மோர்’ கேட்டு மறுபடியும் பாடச் செய்யும் ரசிகர்களுக்கு முன்னால் அவ்விதம் பாடுவது, சரீரத்தைத் தேய்த்துச் செய்கிற தியாகம் என்றே சொல்லவேண்டும்.

கிட்டப்பா

அந்தத் தியாகத்தின் உச்சியில் நிற்கும் பெயர் எஸ். ஜி. கிட்டப்பா. 1906-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் தேதி செங்கோட்டையில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் இராமகிருஷ்ணன். வறுமை காரணமாகப் பால்யத்திலேயே சகோதரர்களுடன் நாடகத்துக்கு வந்து, சங்கரதாஸ் சுவாமிகளின் சிட்சையைப் பெற்று, பின்னர் காட்சி ஜோடனைகளுக்குப் பெயர்போன கன்னையா கம்பெனியில் ‘தசாவதாரம்’ முதலிய நாடகங்களில் நடித்து, இருபது வயதுக்குள் தமிழ்நாடு முழுவதும் கியாதியடைந்தார். முறையாகக் குருகுலத்தில் அமர்ந்து சங்கீதம் பயின்றவர் அல்லர். ஆயினும் அவருடைய பிருகாக்களின் வேகத்தையும், மேல் ஸ்தாயியில் குரல் சற்றும் மெலியாமல் நிற்கும் கம்பீரத்தையும் சபை வித்துவான்களே வியந்து பாராட்டினார்கள். கதர் உடுத்தி, தேசியப் பாடல்களைப் பாடி, நாடக மேடையைச் சுதந்திரப் போராட்டத்துக்கும் துணையாக்கினார். 1933-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி, இருபத்தேழே வயதில், அந்தக் குரல் அடங்கிவிட்டது.

இங்கே ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் வுண்டர்லிக்கை நினைக்காமலிருக்க முடியவில்லை. 1930-இல் கூசெல் என்னும் ஊரில் ஏழைச் சங்கீதக் குடும்பத்தில் பிறந்து, நடனக் குழுக்களில் வாசித்துப் பாடிச் சம்பாதித்துப் படித்து, ஸ்டுட்கார்ட் அரங்கில் தொடங்கி உலகப் புகழை எட்டிய அந்தப் பாடகர், 1966 செப்டம்பரில், முப்பத்தாறாம் பிறந்தநாளுக்குச் சில நாட்களுக்கு முன்பு, மாடிப்படியிலிருந்து விழுந்து இறந்தார். இருவரும் யௌவனத்திலேயே மறைந்தார்கள்; இருவருடைய மறைவுக்கும் அவரவர் நாட்டு ரசிகர்கள் இன்றளவும் இரங்குகிறார்கள். ஆனால் வுண்டர்லிக்கின் முழு நாடகங்களையும் அந்நாட்டு வானொலி நிலையங்களும் இசைத்தட்டு நிறுவனங்களும் பதிவுசெய்து வைத்திருப்பதனால், அவர் ஒரு பாத்திரத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரையில் எவ்விதம் நடத்திச் சென்றார் என்பதை இன்றைய மாணவர் கேட்டுக் கற்கலாம். கிட்டப்பாவிடமிருந்து நமக்கு எஞ்சியவை மூன்று மூன்று நிமிஷங்களாக நறுக்கப்பட்ட சில இசைத்தட்டுப் பாடல்களே. அவர் வேலனாக வந்து இரவு முழுவதும் நடித்த ‘வள்ளி திருமணம்’, அதைக் கேட்ட தலைமுறையோடு மறைந்துபோயிற்று.

கொடுமுடியிலிருந்து எழுந்த குரல்

கே. பி. சுந்தராம்பாள் 1908-இல் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தார். தந்தையின் ஆதரவின்றித் தாயார் பாலாம்பாள் வளர்த்த அந்தப் பெண்குழந்தை, ஓடும் ரயிலில் பாடி அதனால் கிடைத்த காசைக் குடும்பத்துக்குக் கொடுத்தது. அந்தப் பாட்டின் பலத்தாலேயே நாடகக் கம்பெனியில் இடம் கிடைத்தது. ஹாம்பர்க்கில் நடிகைக்கும் பாடகருக்கும் மகளாகப் பிறந்த ஷ்ரோடர்-டெவ்ரியன்டுக்கு வாய்த்த பரம்பரைச் சூழலும், லேமானுக்கு வாய்த்த இசைப்பள்ளியும் சுந்தராம்பாளுக்கு வாய்க்கவில்லை. ரயில் பெட்டியின் இரைச்சலை மீறிப் பாடிய பழக்கமே அவருக்கு முதற்பாடம்.

1926-இல், கொழும்பில் அவர் நாடகங்கள் நடத்திக்கொண்டிருந்த சமயத்தில், கிட்டப்பா அங்கே வந்து சேர்ந்தார். இருவரும் சேர்ந்து நடித்த ‘வள்ளி திருமணம்’ தமிழ் மேடையின் சரித்திரத்தில் ஒரு புதிய அத்தியாயத்தைத் திறந்தது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் ஏறிச் சென்று பாடுகிற போட்டியைக் காண்பதற்கென்றே ஜனங்கள் திரண்டார்கள். 1927-இல் இருவரும் மணவாழ்வில் இணைந்தார்கள். அவ்வாழ்வின் மனஸ்தாபங்களையும் பிரிவுகளையும் இங்கே விவரிப்பது தேவையற்றது. கிட்டப்பா மறைந்தபோது இருபத்தைந்து வயதினராயிருந்த சுந்தராம்பாள், நகைகளைக் களைந்து, வெள்ளை உடுத்தி, எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று விரதம் பூண்டார். 1980-இல் தம் காலம் முடியும் வரையில் நாற்பத்தேழு ஆண்டுகளும் அதிலிருந்து வழுவவில்லை.

இந்த விரதம் அவருடைய கலையை ஒடுக்கிவிடாமல் வேறொரு திசையில் செலுத்தியதுதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி. காதலியாக நடிக்க மறுத்தவர் பக்தர்களாகவும் ஞானியராகவும் நடித்தார். 1935-இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில், லட்ச ரூபாய் சம்பளம் பெற்று, நந்தனாராகவே வேடம் பூண்டார். சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதய்யர் வேதியராக நடித்தார். ஒரு பெண் ஆண்வேடத்தில் பாடுவது ஐரோப்பிய ஆப்பராவில் நெடுங்காலச் சம்பிரதாயம். லேமான் பாடிய ஒக்டேவியன் அத்தகைய வேடமே. பெண்கள் ராஜபார்ட் ஏற்பதும் ஆண்கள் ஸ்திரீபார்ட் ஏற்பதும் பழகிப்போயிருந்த தமிழ் மேடையிலிருந்து வந்த சுந்தராம்பாளுக்கு நந்தனாராவது இயல்பாகவே அமைந்தது. டி. கே. சண்முகம் 1942-இல் மேடையில் ஔவையாராக நடித்து அப்பெயராலேயே ‘ஔவை’ சண்முகம் ஆனார், ஜெமினி எஸ். எஸ். வாசன் 1953-இல் வெளியிட்ட ‘ஔவையார்’ படத்தில் அதே பாத்திரத்தைச் சுந்தராம்பாள் ஏற்றார். குரல் எந்த உண்மையைச் சொல்கிறதோ அந்த உண்மையை நம்புவதற்குத் தமிழ் ரசிகர்கள் சித்தமாயிருந்தார்கள் என்பதற்கு இவ்விரு ஔவையார்களும் சாட்சி.

தேசிய இயக்கத்தின் கூட்டங்களில் சுந்தராம்பாளுடைய பாட்டைக் கேட்பதற்கென்றே ஜனங்கள் கூடினார்கள். 1951-இல் சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினரானார். ‘பூம்புகார்’, ‘திருவிளையாடல்’ ஆகிய படங்கள் ஒலிபெருக்கித் தலைமுறைக்கும் அவருடைய மேல் ஸ்தாயியை அறிமுகப்படுத்தின. ‘துணைவன்’ படத்தின் பாட்டுக்காகத் தேசிய விருதும், 1970-இல் பத்மஸ்ரீ பட்டமும் கிடைத்தன. கொடுமுடியில் ஒரு சினிமாக் கொட்டகையும் கட்டினார். அவருடைய காலத்தின் நிலைமை அதில் தெரிகிறது; நாடகப் பாடகி தம் ஊருக்குச் செய்த கொடை நாடக அரங்கமாக அமைய முடியாத அளவுக்கு உலகம் மாறிவிட்டிருந்தது. லேமானுக்கு அமைந்ததைப்போன்ற ஒரு பாடசாலை அவருக்கு அமைந்திருக்குமானால், மேல் ஸ்தாயியில் சொல் சிதையாமல் பாடும் அந்த வித்தையின் ரகசியம் சீடர்களிடம் சென்று சேர்ந்திருக்கும்.

அவருடைய சமகாலத்தவருள் தியாகி விசுவநாததாஸைக் குறிப்பிடாமல் மேலே செல்லலாகாது. சிவகாசியில் பிறந்து, சாதியின் பேரால் சக நடிகர்களே உடன் நடிக்க மறுத்த அவமானங்களைத் தாங்கி, வெள்ளைக் கொக்கை உருவகமாக வைத்து அந்நிய ஆட்சியைச் சாடும் பாட்டை மேடைதோறும் முழங்கி, பலமுறை சிறை சென்றவர் அவர். 1940-ஆம் ஆண்டின் கடைசி இரவில், சென்னையில் முருக வேடத்தில் மயில்வாகனத்தின் மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் நீத்தார். கிளர்ச்சிக்காகக் குரல் கொடுத்த டிரெஸ்டன் பாடகியும் இவரும் ஒரே இனத்தைச் சேர்ந்தவர்கள்.

இசைத்தட்டின் பிரயாணம்

ஜெர்மனிக்கும் தமிழ் மேடைக்கும் இடையில் நேரான உறவு ஒன்றும் இருந்தது. அதை ஏற்படுத்தியது கிராமபோன். 1902-இல் கல்கத்தாவில் இந்தியக் குரல்கள் முதன்முதலாகப் பதிவானபோது, அந்தத் தட்டுகள் அச்சாவதற்கு ஜெர்மனியின் ஹானோவர் நகரத்துக்கே அனுப்பப்பட்டன. 1908-இல் கல்கத்தாவில் தொழிற்சாலை ஏற்படும் வரையில் அந்நிலைமை நீடித்தது. பெர்லினைச் சேர்ந்த பேகா கம்பெனியார் 1905, 1906-ஆம் ஆண்டுகளில் பதிவுக் கருவிகளோடு ஆசியாவெங்கும் சுற்றி வந்தார்கள். அவர்கள் தங்கிப் பதிவுசெய்த துறைமுகங்களுள் சிங்கப்பூரும் ஒன்று. பெர்லினிலேயே தோன்றிய ஓடியன் கம்பெனியாரோடு சென்னையில் ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரும் அவருடைய கூட்டாளிகளும் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் உடன்படிக்கை செய்துகொண்டு, 1930-களில் தமிழ்த் தட்டுகளை வெளியிட்டது. லேமான் தம் புகழின் உச்சியில் பாடிக்கொடுத்த தட்டுகளும் ஓடியன் முத்திரை தாங்கியவை. பெர்லினில் ஸ்டிராவுஸின் சங்கீதத்தையும் சென்னையில் தமிழ் நாடகப் பாட்டையும் ஒரே முத்திரை சுமந்து சென்ற காலம் அது.

‘நாடக செட்’ என்ற பெயரில் ஒரு முழு நாடகத்தையும் பல தட்டுகளில் அடக்கி விற்ற வழக்கத்தால், ஊரைவிட்டு வந்த தமிழர் மேடையைக் காணாமலேயே நாடகத்தைக் கேட்கலானார்கள். ஆயினும் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷமே ஓடும். ஆலாபனையும், ரசிகர்களோடு நடக்கும் உரையாடலும், ஒரே அடியைப் பத்து விதமாக விரித்துப் பாடும் சுதந்திரமும் அதில் அடங்கவில்லை. மேடைக் கலையின் விதை மாத்திரம் தட்டில் ஏறிக் கடல் கடந்தது.

மேடை தேய்ந்த விதம்

1931-இல் ‘காளிதாஸ்’ படத்தோடு தமிழ் பேசும் படம் பிறந்தது. முதல் பத்தாண்டுப் படங்கள் பெரும்பாலும் மேடை நாடகங்களின் பிரதிகளே. பாடத் தெரிந்தவரே நடிகர். 1910-இல் மாயவரத்தில் பிறந்து, மேடையில் ‘பவளக்கொடி’யால் பெயர் பெற்ற எம். கே. தியாகராஜ பாகவதர், 1934-இல் அதே கதையின் படத்தில் தோன்றி, பதினான்கே படங்களில் தமிழகத்தின் ஈடிணையற்ற குரலானார். 1944-இல் வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அந்தச் சமயத்தில் அதன் நாயகரான பாகவதர், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிக்குண்டு சிறையில் இருந்தார். 1947-இல் விடுதலையாகி வெளியே வந்தபோது, ரசனை மாறியிருந்தது. 1959-இல் நாற்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார். மற்றொரு பாடக நடிகரான பி. யு. சின்னப்பா 1951-இல் முப்பத்தைந்து வயதில் இறந்தார். பின்னணிப் பாடல் முறை வந்ததும் பாடுகிறவர் ஒருவர், நடிக்கிறவர் ஒருவர் என்று தொழில் இரண்டாகப் பிரிந்தது. சினிமாவால் நாம் அடைந்த இன்பங்கள் ஏராளம். ஆனால் பாட்டும் நடிப்பும் ஒரே உடலில் வாழ்ந்த அந்தப் பூரணத்துவம், சம்பளம் கொடுத்துக் காக்கும் அரங்கம் ஒன்றேனும் இல்லாத காரணத்தால், ஒரு தலைமுறைக்குள் தேய்ந்துவிட்டது. ஜெர்மனியிலும் சினிமா வந்தது. அங்கே ஆப்பரா அழியவில்லை.

சிங்கப்பூருக்கு உரிய கடமை

சிங்கப்பூரில் கலையைக் காக்கும் ஸ்தாபனங்களை அமைப்பது புதிய காரியமன்று. 1887-இல் ஸ்மித் தெருவில் எழுந்த லை சுன் யுவென் அரங்கில் கான்டனீஸ் இசைக்கூத்து நடந்தது; அந்தக் கலை தேயத் தொடங்கிய காலத்தில், 1981-இல் ஜோனா வோங் தம் கணவரோடு சேர்ந்து சீன நாடக வட்டத்தை நிறுவி, பயிற்சியும் அரங்கேற்றமும் தொடர வழிசெய்தார். ஐரோப்பிய ஆப்பராவுக்கு 1990-களின் தொடக்கத்திலிருந்து ஒரு நிறுவனம் இங்கே உழைக்கிறது. நம்மிடமும் 1949-இல் தோன்றிய சிங்கப்பூர் இந்தியர் நுண்கலைக் கழகம் வாய்ப்பாட்டையும் நடனத்தையும் முறையாகக் கற்பிக்கிறது, 1952-இல் கே. பி. பாஸ்கர் தொடங்கிய கலைக்கூடம் நாட்டிய நாடகங்களை வளர்த்தது. ரவீந்திரன் நாடகக் குழு முதலியவை தமிழ் வசன நாடகத்தை உயிர்ப்போடு நடத்திவருகின்றன. பாடுகிறவர்கள் இருக்கிறார்கள், நடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், இருவரும் ஒருவரேயாகும் கலைக்கு மாத்திரம் இல்லம் இல்லை.

அத்தகைய இல்லத்துக்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. ஆண்டுக்கு ஒரு நாடகமாகச் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை எடுத்துக்கொண்டு, மதுரை, புதுக்கோட்டை வட்டாரத்தில் இன்னும் அவற்றைப் பாடி வாழும் கலைஞர்களையும் ஹார்மோனிய வித்துவான்களையும் சில மாதங்களுக்கு வரவழைத்து, இங்குள்ள வாய்ப்பாட்டு மாணவர்களுக்குப் பயிற்சி அளிக்கலாம். நூறு, நூற்றைம்பது பேர் அமரும் சிறு மண்டபத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் நடத்தினால், பாடுகிறவர் தம் குரலின் முழு பலத்தையும் அறிவார். கேட்கிறவர் மனிதக் குரலுக்கு இயற்கையில் உள்ள வீரியத்தை அறிவார். துறைமுகத்திலும் ரயில்வேயிலும் செங்கற்சூளையிலும் உழைத்த குடும்பங்களின் வீடுகளில் தங்கிவிட்ட இசைத்தட்டுகளையும் நோட்டீஸ்களையும் திரட்டி நூலகத்தில் சேர்க்கலாம். கோயில் மேடைகளில் நாடகம் பார்த்த முதியவர்களின் வாக்குமூலங்களைத் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவில் பதிவுசெய்யலாம்.

கிட்டப்பாவையும் சுந்தராம்பாளையும் தெய்வாம்சம் பெற்ற அபூர்வப் பிறவிகள் என்று போற்றுவதோடு நாம் திருப்தியடைந்துவிடுகிறோம். அந்தப் போற்றுதலில் உண்மை இருக்கிறது. ஆனால் சிறு வேடத்தில் தொடங்கிய பெண்ணைப் பேரரங்கின் தலைவியாக்கிய பொறுமையான ஏற்பாடுகளைப் பார்த்த பிறகு, அபூர்வப் பிறவிகளுக்காகக் காத்திருக்கும் சமூகத்தைக் காட்டிலும், அவர்கள் பிறந்தால் பாடுவதற்கு இடமும், பயில்வதற்கு ஆசிரியரும், முதுமையில் கற்பிப்பதற்குச் சீடரும் முன்கூட்டியே அமைத்து வைக்கும் சமூகமே சங்கீதத்தை மெய்யாக நேசிக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் இந்த நகரத்தில் அத்தகைய இல்லம் ஒன்றை அமைப்பது நம்மால் ஆகக்கூடிய காரியம். அதை இந்தத் தலைமுறையே தொடங்க வேண்டும்.